நாலாவது வீடு

கூடலூர்
22-01-2024

சொர்ணத்துக்கு,

கடிதம் என்றால் ‘அன்புள்ள’ என்று ஆரம்பிக்க வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தார்கள். எழுதிப் பார்த்தேன். மனசு ஒப்பவில்லை. அடித்துவிட்டேன்.

உன் போன் அணைந்து கிடக்கிறது. உன் புருஷனுடையதும்தான். நீ முன்பு தையல் பழகிய குமுளிக் கடைக்காரி நசீமுக்கு உன் இருப்பிடம் தெரிந்திருக்கும் என்று எனக்குப் பட்டது. ஆள் அனுப்பிக் கேட்டேன். “எங்கன இருக்கான்னு சொல்ல மாட்டேன். கடுதாசி குடுத்தா போய்ச் சேரும்” என்றாளாம். அது போதும்.

நீ என் கட்டில் பக்கத்தில் நாலு நாள் இருந்தாய். ஐந்தாம் நாள் காலையில் கண் விழித்தால் நீ இல்லை. “ஒங்க தங்கச்சி டீ வாங்கப் போனாக” என்றாள் நர்ஸ். இரண்டு மாதம் ஆகிறது. அந்த டீ இன்னும் வரவில்லை.

நீ போன மறுநாள் என் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அதற்கு அடுத்த நாள் செல்வமணி போய்ச் சேர்ந்தாள். மலையம்மாளும் அம்சத் பீவியும் மலைப்பாதையிலேயே முடிந்துவிட்டார்கள், உனக்கே தெரியும். ஆக மூன்று பேர். காலையில் ஏலத்தோட்டத்துக்குப் போய், சாயங்காலம் வீட்டுக்கு இறங்கி வந்த பதினாறு பெண்களில் மூன்று பேர். ஓட்டியவன் உன் புருஷன் வினோத்ராஜ். ஜீப் கவிழ்ந்து கிடந்தபோது அவனை யாரும் பார்க்கவில்லை. இன்றுவரை பார்க்கவில்லை. போலீஸ் வந்து கேட்கிறது. ஜீப் முதலாளி கையை விரிக்கிறார். “டிரைவரே ஓடிட்டான், நான் என்ன செய்ய?” என்கிறார்.

அம்மா சாகும்போது உனக்கு ஒன்பது வயது, எனக்கு இருபது. என் பிழைப்பை நான் பார்த்துக்கொண்டு போயிருக்கலாம். போகவில்லை. உன்னைப் பத்தாவது வரை படிக்க வைத்தேன். நானே மாப்பிள்ளை பார்த்தேன். என்னைக் கட்டியவன் திருப்பூருக்குப் போய் வேறு குடும்பம் வைத்துக்கொண்டபோதுகூட நான் இப்படி ஏமாந்ததாக நினைக்கவில்லை.

அவன் எங்கே இருக்கிறான்? ஊர் பெயர் மட்டும் எழுது. எழுதாவிட்டால் நானே வருவேன். ஒற்றைக் காலோடு எப்படி வருவாள் என்று இரண்டு பேரும் நிம்மதியாக இருக்க வேண்டாம். எழுந்துவிடுவேன். எதற்கு எழ வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு யோசித்தேன். பிள்ளை இல்லை, குட்டி இல்லை. இப்போது காரணம் கிடைத்துவிட்டது.

முத்துமாரி


11-02-2024

அன்புள்ள அக்காவுக்கு,

ஊர் எழுதவில்லை. கோபப்படாதே.

உன் காலை எடுத்தது எனக்குத் தெரியாது. நான் வரும்போது காலுக்குக் கம்பி வைக்கலாம் என்றுதான் டாக்டர் பேசிக்கொண்டிருந்தார். உன் கடிதத்தை வேலைக்குப் போகும் வழியில் பிரித்தேன். அதற்குப் பிறகு அன்றைக்கு ஒரு ஏலச்செடியில்கூட என்னால் காய் எடுக்க முடியவில்லை. மேஸ்திரி திட்டினார். “சேச்சிக்கு எந்து பற்றி?” என்று, என்ன ஆச்சு அக்கா என்கிற மாதிரி, பக்கத்தில் நின்ற மலையாளப் பெண் கேட்டாள். வயிற்றுவலி என்றேன். இங்கே என் பெயரும் வேறு. கூப்பிட்டால் சட்டென்று திரும்ப வருவதில்லை.

நான் ஓடிப்போக வேண்டும் என்று வரவில்லை அக்கா. அன்று காலை டீ வாங்கத்தான் இறங்கினேன். போன் வந்தது. அவர்தான். “கயிறு வாங்கி வச்சிருக்கேன் சொர்ணம், ஒருக்கா பாத்துட்டுச் செத்துருறேன்” என்றார். போய்க் கூட்டிக்கொண்டு அன்றைக்கே திரும்பிவிடலாம் என்றுதான் பஸ் ஏறினேன். வந்து பார்த்தால் தோள்பட்டை இறங்கி, முகமெல்லாம் சிராய்ப்பு. மூன்று நாள் சாப்பிடவில்லை. இந்த ஆளை எப்படி விட்டுவிட்டு வருவது?

வளைவில் ஜீப் தூக்கிப் போட்டதில் அவரும்தான் வெளியே வீசப்பட்டார். கண் விழித்தபோது கூட்டம் கூடிவிட்டதாம். அடித்தே கொன்றுவிடுவார்கள் என்ற பயத்தில் காட்டுக்குள் போயிருக்கிறார். கொஞ்ச நாள் மறைந்து இரு என்று முதலாளியும் சொல்லி அனுப்பியிருக்கிறார். இப்போது எங்கேயாவது வண்டிச் சத்தம் கேட்டால் போர்வைக்குள் புகுந்துகொள்கிறார். வேலைக்குப் போவதில்லை. நான் ஒருத்திதான் போகிறேன். அட்டைக்கடி, மழை, யாராவது தமிழ்நாட்டு ஆள் வந்தால் முகத்தை மூடிக்கொள்வது என்று நாள் போகிறது. இதுவும் ஒரு ஜெயில்தான்.

நீ பார்த்த மாப்பிள்ளைதானே அக்கா. ‘ஒரு கெட்ட பழக்கம் கிடையாது, பயந்த சுபாவம்’ என்று நீதானே சொன்னாய்.

காலை நினைத்துக் கலங்காதே. தினமும் விளக்கேற்றி வேண்டிக்கொள்கிறேன்.

உன் சொர்ணம்


கூடலூர்
30-05-2024

சொர்ணத்துக்கு,

வேண்டிக்கொள்கிறாயா? நிறுத்திவிடு. உன் வேண்டுதலில் நான் நடக்க வேண்டாம்.

உனக்குப் பதில் எழுதாமல் இருந்ததற்குக் காரணம், எழுத நேரமில்லை. எனக்குச் செயற்கைக்கால் வந்துவிட்டது. தேனி ஆஸ்பத்திரியில் இரண்டு கம்பிகளுக்கு நடுவே நடக்கப் பழக்குகிறார்கள். கேட்கச் சுலபமாக இருக்கும். வெட்டிய இடத்தில் மொத்த உடம்பையும் ஊன்றி நிற்க வேண்டும். முதல் நாள் இரண்டே எட்டில் கொப்புளம் உடைந்து சாக்ஸ் நனைந்துவிட்டது. இல்லாத பெருவிரல் ராத்திரி பகல் இல்லாமல் அரிக்கும். எதைச் சொறிவது?

பழக்குகிறவள் ஷர்மின் என்று உத்தமபாளையத்துப் பெண். சின்ன வயது, கெட்டிக்காரி. ஒருநாள் கேட்டாள். “ஏக்கா, எல்லாரும் வலிக்குதுன்னு பாதியில நிப்பாட்டிருறாக. நீங்க மட்டும் பல்லக் கடிச்சுக்கிட்டு நடக்குறீக. மனசுல யார நெனச்சுக்கிட்டு நடக்குறீக, சாமியவா?”

“ஒரு ஆள.”

“வீட்டுக்காரரையா?”

“தங்கச்சி வீட்டுக்காரர.”

அவள் சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன். ஆனால் உண்மை அதுதான். அந்தக் கம்பியின் கடைசியில் உன் புருஷன் நிற்கிறான் என்று வைத்துக்கொண்டுதான் ஒவ்வொரு எட்டும் வைத்தேன். இப்போது கம்பி வேண்டாம், கைத்தடி போதும். பஸ் படி ஏறுவதற்கு இன்னும் ஒரு மாதம் ஆகும் என்கிறாள்.

‘வீசப்பட்டார்’ என்று எழுதியிருக்கிறாய். நான் அவன் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்தேன் சொர்ணம். மாப்பிள்ளை ஓட்டுகிற ஜீப் என்று எனக்கு எப்போதும் முன்சீட்டு. “பிரேக்கு நிக்கல மதினி” என்றான். என் முகத்தைப் பார்த்துச் சொன்னான். அப்புறம் கம்பியைப் பிடித்தான், குனிந்தான், தரையைப் பார்த்தான், குதித்தான். வளைவுக்கு இன்னும் தூரம் கிடந்தது. ஜீப் ஆடவுமில்லை, தூக்கிப் போடவுமில்லை. பின்னால் பதினைந்து பெண்கள் ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. அவன் ஒரு சத்தம்கூடக் கொடுக்கவில்லை.

பயந்த சுபாவம் என்று நான் சொன்னது நிஜம். அது எந்த அளவுக்குப் போகும் என்று அப்போது தெரியவில்லை.

அவனிடம் இதைப் படித்துக் காட்டு.

முத்துமாரி


02-09-2024

அக்காவுக்கு,

நீ குமுளிக்கு வந்து நசீம் கடையில் மூன்று நாள் உட்கார்ந்திருந்தாயாம். கடிதம் வாங்க நான் வருவேன், பின்னாலேயே வந்துவிடலாம் என்றுதானே? நசீம் பயந்துபோயிருக்கிறாள். நீ தண்ணீர் குடிக்கப் பையைத் திறந்தபோது உள்ளே திராட்சைக் கொடியை நறுக்கிக் கவாத்து பண்ணுகிற கத்தியைப் பார்த்தாளாம். யாருக்கு அக்கா அந்தக் கத்தி? அவருக்கா, எனக்கா?

மூன்றாவது நாள் நான் வந்தேன். உனக்குத் தெரியாது. ரோட்டுக்கு அந்தப் பக்கம் பழக்கடைக்குப் பின்னால் நின்றேன். நீ ஸ்டூலிலிருந்து எழுந்து தடியை ஊன்றி வாசல்வரை நடந்து வந்தாய். தெருவை இரண்டு பக்கமும் பார்த்தாய். நீ நடப்பதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. ஓடிவந்து கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. உன் கண்ணைப் பார்த்தேன். திரும்பிவிட்டேன்.

உன் கடிதத்தை அவரிடம் படித்துக் காட்டினேன். பிறகு ஒன்று சொன்னார். அதை எழுதக் கூடாது என்றுதான் இத்தனை நாள் இருந்தேன். நீ கத்தியோடு வந்த பிறகு எதற்கு மறைக்க வேண்டும்?

ஸ்டியரிங்கைப் பிடித்து இழுத்தது நீயாமே? அவர் எப்படியாவது நிறுத்தியிருப்பாராம். நீ பயந்துபோய்க் குறுக்கே விழுந்து வலது பக்கம் இழுத்ததில்தான் பாறையில் மோதியதாம். மலையம்மாக்கா, செல்வமணிக்கா, அம்சத்தக்கா மூன்று பேரும் அந்தப் பக்கம்தானே உட்கார்ந்திருந்தார்கள்? “நான் கோர்ட்டுக்குப் போனா இதச் சொல்லித்தான் ஆகணும். ஒங்கக்காவக் காட்டிக் குடுக்க வேணாம்னுதான் ஒளிஞ்சு கெடக்கேன்” என்கிறார்.

இதற்கு என்ன சொல்கிறாய்? போலீசில் நீ இதைச் சொன்னாயா? அந்த மூன்று வீட்டிலும் சொன்னாயா? எல்லாப் பழியையும் அவர் தலையில் போட்டுவிட்டுக் கத்தியைத் தூக்கிக்கொண்டு அலைகிறாய். நான் இங்கே வேறு பெயரில் செத்துக்கொண்டிருப்பது அவருக்காக மட்டும் இல்லை. உனக்காகவும்தான்.

சொர்ணலதா


கூடலூர்
15-09-2024

சொர்ணத்துக்கு,

ஆமாம். இழுத்தேன்.

போலீசில் சொல்லவில்லை. எந்த வீட்டிலும் சொல்லவில்லை. பத்து மாதமாக என் வாயிலிருந்து வராத வார்த்தை இது. உன் கடிதத்தைப் படித்தபோது முதலில் எனக்கு வந்தது கோபம் இல்லை. மாட்டிக்கொண்டோம் என்ற பயம். நான் அவனைத் தேடி அலைந்ததில் பாதி இதற்காகத்தானோ என்னவோ. யாராவது பார்த்திருந்தால் அவன் ஒருத்தன்தான் பார்த்திருப்பான் என்று நினைத்திருந்தேன். குதித்த பிறகும் திரும்பிப் பார்த்திருக்கிறான்.

இப்போது நடந்ததைக் கேள். அவன் குதித்ததும் சீட்டு காலி. ஸ்டியரிங் தானாகத் திரும்பிக்கொண்டிருக்கிறது. இடது பக்கம் பள்ளம், கீழே மின்நிலையத்துக்குப் போகும் பென்ஸ்டாக் தண்ணீர்க் குழாய் நூல் மாதிரி தெரிகிறது. எனக்குச் சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது. அவன் சீட்டுக்கு நகர்ந்தேன். அவன் மிதிக்கிறதைத் தினமும் பார்த்திருக்கிறேனே, அந்தப் பிரேக் கட்டையை வலது காலால் மிதித்தேன். தரைவரைக்கும் போனது, ஒன்றும் நடக்கவில்லை. அப்படியே மிதித்துக்கொண்டு ஸ்டியரிங்கை மலைப் பக்கம் இழுத்தேன். பாறை வந்தது.

குறுக்கே விழுந்து இழுத்தேன் என்கிறானா? நான் என் சீட்டில் இருந்தபடி இழுத்திருந்தால் என் வலது கால் எப்படிப் பிரேக்குக்குப் பக்கத்தில் நசுங்கும்? அந்தக் காலைத் தகரத்தை வெட்டித்தான் எடுத்தார்கள். எங்கே இருந்து எடுத்தார்கள் என்று தீயணைப்பு ஆள்களைக் கேள். அவன் கால் இருக்க வேண்டிய இடத்தில் என் கால் இருந்தது. அவன் கால் இப்போது எங்கே இருக்கிறது? உன் வீட்டில், போர்வைக்குள்.

அவனிடம் ஒரே ஒரு கேள்வி கேள். அக்கா இழுத்தபோது நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்று கேள். அவன் சொல்கிற பதிலை எனக்கு எழுத வேண்டாம். உனக்குத் தெரிந்தால் போதும்.

கத்தி யாருக்கு என்று கேட்டாயே. அவனுக்குத்தான் கொண்டு வந்தேன். உன்னை முதலில் பார்த்திருந்தால் யாருக்கு என்று சொல்ல முடியாது.

முத்துமாரி


நசீம் வீடு, குமுளி
24-10-2024

அக்கா,

முடிந்துவிட்டது. திங்கட்கிழமை மத்தியானம் அவனைப் போலீசில் ஒப்படைத்தேன். செய்தி இதற்குள் உனக்கு வந்திருக்கும். எப்படி என்று நான் சொல்ல வேண்டும்.

நீ சொன்ன கேள்வியைக் கேட்டேன். அரிசி களைந்துகொண்டிருந்தேன். “அக்கா ஸ்டியரிங்க இழுத்தப்ப நீங்க எங்கன இருந்தீக?” என்றேன். “பக்கத்துலதான்” என்றான். “அப்ப அக்கா காலு எப்புடி ஒங்க பிரேக்குல இருந்துச்சு?” நான் தண்ணீரை வடித்து இன்னொரு தண்ணீர் ஊற்றினேன். அப்புறம் சொன்னான்: “எவனா இருந்தாலும் குதிச்சிருப்பான் சொர்ணம். உசுருன்னு வந்துட்டா நீகூடக் குதிச்சிருப்ப.”

உலையில் அரிசியைப் போட்டேன். அவன் தோளில் நான் எண்ணெய் தேய்த்துவிட்டது, அவனுக்காக அட்டைக்கடியோடு மலை ஏறியது, உன் கட்டில் பக்கத்திலிருந்து எழுந்து வந்தது, எல்லாம் அந்த உலையில் கொதிக்கிற மாதிரி இருந்தது. அன்றைக்கே சத்தம் போட்டிருந்தால் ஓடிப்போயிருப்பான். ஓடத்தான் தெரியுமே. அதனால் காத்திருந்தேன். கேள்வி கேட்டதில் உஷாராகிவிட்டான். அந்தச் சந்தேகம் தீரும்வரை, ஒரு மாதத்துக்கு மேல், முகம் கோணாமல் சோறு போட்டேன். எனக்குள் இவ்வளவு பொறுமை இருப்பது எனக்கே தெரியாது. நீ கம்பியைப் பிடித்து நடந்ததை நினைத்துக்கொள்வேன்.

பிறகு ஒரு பொய் சொன்னேன். “அக்கா கேஸ வாபஸ் வாங்குறாளாம். நீங்க நேர்ல வந்து ஒரு வார்த்த பேசுனா போதுமாம்.” நம்பிவிட்டான். பதினொரு மாதத்தில் முதல் தடவையாக முகம் மழித்துக்கொண்டான். குமுளியில் பஸ் ஏறும்போது, “மதினிக்கு நேந்திரங்கா சிப்ஸ் புடிக்கும்ல” என்று ஒரு பொட்டலம் வாங்கினான். அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான் அக்கா. அதைப் பார்க்கத்தான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. மறைக்கவில்லை.

அந்த வளைவு வந்தது. கண்ணை மூடிக்கொண்டான்.

“கண்ணத் தொறங்க” என்றேன்.

“வேணாம் சொர்ணம்.”

“தொறங்க. மூணு உசுர எடுத்த எடம். குதிச்சுட்டுத் திரும்பிப் பாத்தீகள்ல, இப்பவும் பாருங்க.”

பஸ்ஸில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். தோட்டத்துப் பெண்கள் சிலர் இருந்தார்கள். ஒருத்தி, “ஆத்தாடி, இது அந்த டிரைவருல்ல?” என்றாள். அவன் கண்ணைத் திறந்தான். பாறையில் இன்னும் ஜீப்பின் பெயிண்ட் ஒட்டியிருக்கிறது. அதைப் பார்க்க வைத்தேன். பஸ் அடுத்த வளைவு திரும்பும்வரை பார்க்க வைத்தேன்.

மலையடிவாரத்து லோயர் கேம்ப்பில் இறங்கி போலீஸ் ஸ்டேஷன் பக்கம் நடந்தபோதுதான் அவனுக்குப் புரிந்தது. ஓடுவான் என்று நினைத்தேன். பஸ்ஸிலிருந்து அந்தப் பெண்களும் இறங்கிப் பின்னால் வந்ததால் ஓடவில்லை. “எங்கிட்டயே பொய் சொல்லிட்டியே” என்றான்.

“ஆமா. ஒங்ககிட்ட கத்துக்கிட்டதுதான்” என்றேன்.

உள்ளே போய் எழுதிக் கொடுத்தேன். அவன் ஒளிந்திருந்த இடம், நான் ஒளித்து வைத்தது, முதலாளி சொல்லி அனுப்பியது, எல்லாம். என் மேலும் கேஸ் வரலாம் என்கிறார்கள். வரட்டும்.

இப்போது நசீமோடு இருக்கிறேன். அக்கா, நான் வீட்டுக்கு வரலாமா?

சொர்ணம்


கூடலூர்
10-11-2024

சொர்ணத்துக்கு,

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். அவன் கண்ணைத் திறக்க வைத்தாயே, அந்த இடத்தை மட்டும் இன்னும் இரண்டு தடவை. தித்தித்தது. பொய் சொல்ல மாட்டேன். அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினேன்.

மறுநாள் காலையில் செயற்கைக்காலை எடுத்து மாட்டப் போனேன். மாட்ட முடியவில்லை. வலி என்னவோ எப்போதும் உள்ள வலிதான். ஆனால் யாரை நினைத்துக்கொண்டு எழுந்திருப்பது? அவன்தான் பிடிபட்டுவிட்டானே. பல்லைக் கடிக்கக்கூட ஆள் இல்லை. மத்தியானம்வரை கட்டிலிலேயே உட்கார்ந்திருந்தேன். காலை எடுத்த அன்றைக்குக்கூட இப்படி உட்காரவில்லை. ஷர்மின் போன் பண்ணினாள். “என்னக்கா, இன்னைக்கு எவ்வளவு தூரம் நடந்தீக?” என்றாள். ஒன்றும் நடக்கவில்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

அப்புறம் ஒன்று தோன்றியது. இத்தனை நாளும் அவனைப் பார்த்தே நடந்துவிட்டேன். பார்க்க வேண்டியவர்களைப் பார்க்கவில்லை. நீ கேட்டாயே, மூன்று வீட்டிலும் சொன்னாயா என்று. காலை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

செல்வமணியின் அண்ணன் கேட்டுவிட்டு, “இனிமே இந்தப் பக்கம் வராதீக” என்றார். கம்பம் ஊரில் அம்சத் பீவியின் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, “எம் மக போயிட்டா. மத்த புள்ளைகளாச்சும் வீடு வந்து சேந்துச்சுகளே” என்று அழுதார்கள். மலையம்மாளின் வீட்டுக்காரர் பலவேசம்தான் கேள்வி கேட்டார்.

“மலையம்மா அந்தப் பக்கம் இருந்தது ஒங்களுக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“தெரிஞ்சா திருப்புனீக?”

“யோசிக்க நேரமில்ல. ஆனா தெரியும்.”

எழுந்து உள்ளே போனார். திரும்பி வரவில்லை. அரை மணி நேரம் வாசலில் உட்கார்ந்திருந்துவிட்டு வந்துவிட்டேன். போலீசிலும் சொல்லிவிட்டேன். கோர்ட்டிலும் சொல்லப்போகிறேன். வக்கீல் வேண்டாம் என்கிறார். சொல்லத்தான் போகிறேன்.

இப்போது உன் விஷயம். வீட்டுக்கு வரலாமா என்று கேட்கிறாய். அவனைப் பிடித்துக் கொடுத்ததோடு கணக்கு நேராகிவிட்டது என்று நினைக்கிறாயா? மூன்று வீட்டில் எழவு விழுந்து கிடந்தபோது பதினொரு மாதம் அவனை ஒளித்து வைத்துச் சோறு போட்டவள் நீ. என் காலைப் பற்றிப் பேச்சில்லை. அதை நீயும் நானும் எப்போதாவது பேசிக்கொள்ளலாம். அந்த மூன்று வீட்டுக்கு நீ போக வேண்டும். நசீமைக் கூட்டிக்கொண்டு போகாதே. தனியாகப் போ. அவன் எங்கே இருந்தான், என்ன தின்றான், யார் ஆக்கிப் போட்டது, அத்தனையும் உன் வாயால் சொல். அழாதே. அழுதால் அவர்கள் உன்னைத் தேற்ற வேண்டிவரும். அடித்தால் வாங்கிக்கொள்.

இருபத்தொன்றாம் தேதி வருஷம் திரும்புகிறது. அதற்குள் போ. மூன்று வீட்டையும் முடித்துவிட்டு வா. நாலாவது வீடு என்னுடையது.

முத்துமாரி


கூடலூர் போஸ்ட் ஆபீஸ்
20-11-2024

அக்கா,

மூன்று வீட்டுக்கும் போய்விட்டேன்.

செல்வமணிக்கா வீட்டில் அவர் அண்ணன் நான் சொல்லி முடிக்கும்வரை நின்று கேட்டார். முடிந்ததும் கதவைச் சாத்தினார். உள்ளே தாழ்ப்பாள் விழுந்த சத்தம் பஸ்ஸில் வரும்போதும் கேட்டுக்கொண்டே இருந்தது.

அம்சத்தக்காவின் அம்மா உனக்கு ஆறுதல் சொன்னார்கள் என்று எழுதியிருந்தாய். அந்தத் தைரியத்தில் போனேன். என்னை உட்காரச் சொல்லவில்லை. “பதினோரு மாசமும் சோறு தின்னானா?” என்று கேட்டார்கள். தின்றான் என்றேன். “மூணு வேளையுமா?” ஆமாம் என்றேன். “எம் மக தின்னலையே” என்றார்கள். அவ்வளவுதான். அதற்குமேல் அங்கே நிற்க முடியவில்லை. ஆனாலும் நின்றேன். அழவில்லை. நீ சொன்னதற்காக இல்லை. அவர்கள் முன்னால் அழ எனக்கு என்ன உரிமை இருக்கிறது?

பலவேசம் அண்ணன் வேலை முடிந்து வரும்வரை தெருவில் காத்திருந்தேன். நான் சொன்னதைக் கேட்டதும் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கீழே எறிந்தார். அடிக்க வருகிறார் என்று நினைத்தேன். வாங்கிக்கொள்ளத்தான் நின்றேன். அடிக்கவில்லை. எறிந்த துண்டையே பார்த்துக்கொண்டு, “ஒங்கக்கா வந்தாக. நான் கேள்வி மட்டும் கேட்டுட்டு உள்ள போயிட்டேன்” என்றார். பிறகு, “சாட்சி சொல்லப் போற அன்னைக்கு ஒத்தையில பஸ் ஏற வேணாம்னு சொல்லு. ஆட்டோ கொண்டாறேன். நானும் கோர்ட்டுக்கு வரணும்” என்றார். இதை உன்னிடம் சொல்லச் சொன்னார். என்னிடம் ‘போ’ என்றுகூடச் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு நம் தெருவுக்கு வந்தேன். கதவைத் தட்டினேன். உள்ளே நீ எழுந்து நடந்து வருகிற சத்தம் கேட்டது. ஒரு கால் சத்தமும், இன்னொரு கால் சத்தமும். இரண்டும் வேறுவேறாக இருந்தது அக்கா. மூன்று வீட்டில் நின்ற எனக்கு அந்தச் சத்தத்துக்கு முன்னால் நிற்க முடியவில்லை. ஓடிவந்துவிட்டேன்.

வீட்டிலிருந்து மூன்று தெரு தள்ளி இருக்கிற தபாலாபீசில் உட்கார்ந்து உனக்குக் கடிதம் எழுதுகிறேன். எனக்கே சிரிப்பாக இருக்கிறது. குமுளிக்குத்தான் போகிறேன். நாலாவது வீட்டை முடிக்கவில்லை.

சொர்ணம்


கூடலூர்
22-11-2024

சொர்ணத்துக்கு,

நேற்று மலையம்மாளுக்கு வருஷப் படையல் போட்டார்கள், அம்சத் பீவிக்குப் பாத்திஹா ஓதினார்கள். செல்வமணிக்கு அடுத்த வாரம்தான்; அந்த வீட்டுக்கு நான் போகப்போவதில்லை. வராதே என்றவர்கள் வீட்டுக்கு எதற்கு? மற்ற இரண்டு வீட்டுக்கும் போனேன். பலவேசம் இலை போட்டார். சாப்பிட்டேன்.

நீ தட்டியது எனக்குக் கேட்டது. நீ தட்டும் விதம் எனக்குத் தெரியும். கட்டிலிலிருந்து கதவுக்குப் பன்னிரண்டு எட்டு. முன்பு நாலு எட்டில் வந்துவிடுவேன். இப்போது எழுந்து, தடியைப் பிடித்து, உடம்பை நேராக்கி வருவதற்கு நேரமாகும். ஏழாவது எட்டு வைக்கும்போது உன் செருப்புச் சத்தம் தெருவில் ஓடியது. மீதி ஐந்தையும் வைத்தேன். கதவைத் திறந்து பார்த்தேன். தெருவில் யாரும் இல்லை.

குமுளியிலும் இங்கேயுமாக இதோடு இரண்டு தடவை என் முன்னால் வராமல் திரும்பிப் போயிருக்கிறாய். உன் புருஷனிடம் எனக்குள்ள வழக்கு கோர்ட்டில் தீரட்டும். உன்னிடம் உள்ளதைத் தீர்க்க எனக்கு வேறு இடம் இல்லை. கதவைத் திறந்தால் உன்னை அடிப்பேனா, உள்ளே இழுத்துப் போடுவேனா என்று என்னைக் கேட்காதே. எனக்கே தெரியாது. மன்னித்துவிட்டேன் என்று எழுத மாட்டேன். அப்படி ஒரு வார்த்தை என்னிடம் இப்போது இல்லை.

ஆனால் அடுத்த தடவை தட்டினால் நில். நான் வருவேன். பன்னிரண்டு எட்டு வைக்கிறவரைக்கும் நில்.

அக்கா